சாப்பாட்டை மாற்றச் சொல்லிவிட்டார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று ரிப்போர்ட்டில் கூடுதலாக வந்துவிட்டால் போதும், அன்றைக்கே ஆளுக்கொரு பட்டியல் வந்து சேரும். இதைத் தொடாதே, அதை மட்டும் சாப்பிடு, இந்தப் பொடியை வெறும் வயிற்றில் குடி. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்து, வாரக் கடைசிக்குள் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டும்விடுவோம். மனவுறுதி இல்லாததால் இப்படி ஆகிறது என்று சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. எதற்காக எதை மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றினால் யாராக இருந்தாலும் அலுத்துத்தான் போகும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் எண் எது என்று தெரிந்துகொள்ளுங்கள், அந்த எண்ணை அசைக்கக்கூடிய ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள், சொன்ன காலம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். பொதுவாக "ஆரோக்கியமான உணவு" என்று சொல்லப்படுவது ஒருவரின் ரத்த அழுத்தத்துக்கு மருந்தாகவும் இன்னொருவரின் சிறுநீரகத்துக்கு ஆபத்தாகவும் இருக்க முடியும். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படிகளுக்கு முன்னால்: சாப்பாட்டால் எவ்வளவு முடியும்?

நினைப்பதைவிட நிறையவே முடியும், ஆனால் எல்லாமே முடியாது. 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 3234 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். உணவு, நடை இரண்டையும் மாற்றி உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க முயன்ற குழுவில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு வந்தது 58 சதவீதம் குறைவு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்ட குழுவிலோ 31 சதவீதம்தான் குறைவு. சீனாவின் டாச்சிங் நகரத்தில் 1986இல் தொடங்கிய இதே மாதிரியான முயற்சியில், 30 ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு ஏறக்குறைய 4 ஆண்டு தள்ளிப்போயிருந்தது. நாலு ஆண்டுதானா என்று தோன்றலாம். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அது பெரிய அவகாசம்.

ரத்த அழுத்தத்தில் இன்னும் சீக்கிரம் தெரியும். 1997இல் டாஷ் என்ற உணவுமுறையைப் பரிசோதித்தார்கள். காய், பழம், கொழுப்பு குறைந்த பால்பொருள், முழுதானியம், பருப்பு, கொட்டை வகைகள், பெரும்பாலும் இவைதான் அதில் இருந்தவை. ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளிக்குச் சற்று மேல் குறைந்தது. அந்தச் சோதனையில் உப்பையும் குறைக்கவில்லை, உடல் எடையையும் குறைக்கவிடவில்லை. தட்டில் இருந்ததை மாற்றியதற்கு மட்டும் கிடைத்த பலன் அது. ஒரு மாத்திரைக்கு எதிர்பார்க்கிற அளவு.

இனி முடியாதவை. உடலே இன்சுலினைச் சுரக்காமல் போகிற முதல் வகை நீரிழிவில் இன்சுலினுக்குப் பதிலாக எந்த உணவும் கிடையாது, இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பரம்பரையாக எல்டிஎல் என்ற "கெட்ட" கொழுப்பு மிக அதிகமாக இருக்கிற குடும்பங்களில் தட்டை எவ்வளவு திருத்தினாலும் மருந்து தேவைப்படும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் "நான் உணவிலேயே பார்த்துக்கொள்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்துவது, என் வரையில், துணிச்சலில் சேராது.

படி 1: உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு இவற்றைத் தேடுங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, எல்டிஎல், டிரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பு), சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், அதோடு சேர்த்துத் தரப்படும் சிறுநீரக வடிகட்டும் திறன் (ஈஜிஎஃப்ஆர்). ரத்த அழுத்தத்தைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கணக்கு இல்லாமல் உணவு மாற்றத்தை ஆரம்பிக்காதீர்கள், ஏன் என்பது பின்னால் வரும்.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. 5.7க்குக் கீழே என்றால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை விளிம்பு, 6.5 முதல் நீரிழிவு. வெறும் வயிற்றில் எடுத்ததென்றால் 100 முதல் 125 வரை விளிம்பு, 126 முதல் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு தடவை வந்த எண்ணை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள், இன்னொரு தடவை பார்ப்பார்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணுக்கு எந்தக் கைப்பிடி என்பதுதான் முக்கியம். பிரஷர் என்றால் உப்பு, காய்கறி பழங்களிலிருந்து வரும் பொட்டாசியம், எடை, மது. சர்க்கரை என்றால் மாவுச்சத்தின் அளவும் வகையும், எடை. எல்டிஎல் என்றால் எந்தக் கொழுப்பு சாப்பிடுகிறீர்கள் என்பதும் கரையும் நார்ச்சத்தும். டிரைகிளிசரைடு கூடியிருந்தால் பலரும் எண்ணெயைக் குறைக்கப் போவார்கள். பெரும்பாலும் அங்கே குறைக்க வேண்டியது சர்க்கரையும் வெள்ளை மாவும் மதுவும். கல்லீரலில் கொழுப்பு என்றால் எடைதான் எல்லாம்: 5 சதவீதம் எடை குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் வரை போனால் வீக்கமும் தணியும்.

இரண்டு மூன்று எண்கள் சேர்ந்தே கூடியிருந்தால்? அது வழக்கம்தான். மருத்துவர் எதற்கு அதிகம் கவலைப்பட்டாரோ அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

படி 2: மருந்துச் சீட்டைக் கையில் எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள் அதிகம், மாட்டிக்கொள்வதும் இங்கேதான். சாப்பாடு மாறினால் மருந்தின் அளவும் மாறவேண்டி வரலாம்.

இன்சுலின், அல்லது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைப் பாதியாகக் குறைத்தாலோ ஒரு வேளையை விட்டுவிட்டாலோ சர்க்கரை தாழ்ந்துபோகும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்து, அளந்தால் 70க்குக் கீழே இருந்தால், உடனே 15 கிராம் அளவு சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் "எனக்குச் சர்க்கரை ஆகாது" என்று மறுக்கவே கூடாது. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் பட்டினி கிடப்பதும் மாவுச்சத்தை அறவே ஒதுக்குவதும் ஆபத்து. ரத்தத்தில் அமிலம் ஏறும் நிலை வரலாம், அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக உயராமலேயே.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. கீரையில் இருக்கிற கே வைட்டமின் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கிரேப்ஃப்ரூட் பழம் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. பிரஷர் மாத்திரைகளில் சில வகை உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும், அவற்றோடு உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் உப்பைச் சேர்த்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

ஆக, மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ ஒரே ஒரு கேள்வி: "நான் இப்படி இப்படிச் சாப்பாட்டை மாற்றப்போகிறேன், இந்த மருந்துகளில் எதையாவது கவனிக்க வேண்டுமா?"

படி 3: ஒன்றையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு வாரம் சாப்பிடுவதை எல்லாம் அப்படியே எழுதுங்கள். நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள வேண்டாம், வழக்கம்போலவே சாப்பிடுங்கள். குடிப்பதையும் எழுதுங்கள், சமைக்கும்போது வாயில் போட்டுக்கொள்வதையும் எழுதுங்கள், குழந்தை மிச்சம் வைத்ததையும்தான். கலோரிக் கணக்கு வேண்டாம். நேரம், என்ன, ஏறக்குறைய எவ்வளவு, அது போதும்.

குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் இந்த வாரத்திலேயே ஒரு சின்ன வேலை செய்யலாம்: சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. எல்லா வேளையும் குத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஒரு நாள் காலை உணவு, இன்னொரு நாள் மதியம், இப்படி மாற்றி மாற்றி. எந்த வேளை உங்களைத் தூக்கிவிடுகிறது என்று தெரிந்துவிடும். பிரஷர்காரர்கள் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள்.

படி 4: முதலில் குடிப்பதை மாற்றுங்கள்

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், சிறுநீரகம் சரியாக இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது டம்ளரிலிருந்து. சர்க்கரை போட்ட பானங்கள், குளிர்பானம், பழச்சாறு, பாக்கெட் பானங்கள். திரவமாக உள்ளே போகும் சர்க்கரை வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில்லை, அதைக் குடித்ததற்காக யாரும் அடுத்த வேளை குறைத்துச் சாப்பிடுவதுமில்லை.

உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்பட்ட சர்க்கரையை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறது, முடிந்தால் 5 சதவீதம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம். இந்தக் கணக்கில் தேனும் பழச்சாறும் சேர்த்தி. தேனைச் சர்க்கரை இல்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு கரண்டி கூடுதலாகப் போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப் பழம் இந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் அதன் சர்க்கரை நாரோடு கட்டுண்டு மெதுவாக இறங்குகிறது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், பிழிந்து குடிக்காதீர்கள்.

காபி, டீயில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைப்பதே பலருக்கும் எளிது. ஒரே நாளில் நிறுத்த முடிந்தால் மகிழ்ச்சி.

படி 5: தட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கிராம் கணக்கு, பரிமாற்றுப் பட்டியல், கிளைசீமிக் குறியீடு என்று நிறைய முறைகள் உண்டு. 1981இல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்த கிளைசீமிக் குறியீடு, அதாவது ஓர் உணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் எண், பயனுள்ளதுதான், ஆனால் ஆரம்பத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டால் தலை சுற்றும். ஒரே உணவே சமைக்கும் விதத்துக்கும் கூடச் சாப்பிடுவதற்கும் ஏற்ப வேறு எண் காட்டும். அதைவிடத் தட்டுக் கணக்கு சுலபம்: பாதித் தட்டில் காய், கால் தட்டில் புரதம், கால் தட்டில் தானியம். கிழங்கு வகைகள் காய்ப் பக்கம் இல்லை, தானியப் பக்கம்.

பலரின் தட்டில் இது தலைகீழாக இருக்கும்: முக்கால்வாசி தானியம், ஓரத்தில் கொஞ்சம் காய். அதை ஒரே நாளில் திருப்பிப் போட்டால் பசிக்கும், எரிச்சல் வரும், விட்டுவிடுவீர்கள். முதல் இரண்டு வாரம் தானியத்தில் கை வைக்காமல் காயை மட்டும் இரண்டு மடங்காக்குங்கள். வயிற்றில் இடம் இல்லாமல் தானியம் தானாகக் குறையும். அப்புறம் புரதம்: பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர், கோழி, சோயா, உங்களுக்கு எது சாப்பிட முடியுமோ அது. ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், காலையிலும்கூட. காலை உணவு வெறும் மாவுச்சத்தாக இருந்தால் பதினொரு மணிக்கே பசித்து, பிஸ்கட் டப்பா கைக்கு வந்துவிடும்.

சாப்பிடும் வரிசையும் கொஞ்சம் உதவும். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, தானியத்தைக் கடைசியில் எடுத்துக்கொண்டால், அதே உணவுக்கு அதே ஆளின் சர்க்கரை குறைவாக ஏறுவதைச் சிறு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். செலவில்லாத வேலை, செய்து பாருங்கள். ஆனால் வரிசையை மாற்றிவிட்டோமே என்று அளவைக் கூட்டிவிட்டால் கிடைத்த பலன் போய்விடும்.

நார்ச்சத்து நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, காயும் பழமும் சேர்ந்து 400 கிராம் என்பதும் அவர்களுடையதுதான். நார்ச்சத்தை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இதயநோயும் இரண்டாம் வகை நீரிழிவும் குடல் புற்றுநோயும் குறைவு என்பது திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார், நாளுக்கு 3 கிராம் போனால் எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும். ஒரு எச்சரிக்கை: நார்ச்சத்தை மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பி, காய்கறி மேலேயே வெறுப்பு வரும்.

முழுதானியத்தைப் பற்றி ஒரு சந்தேகம் நிறையப் பேருக்கு: சிவப்பரிசிக்கோ முழுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா? கூடாது. வகை மாறினால் நல்லதுதான், ஆனால் அளவு மாறாவிட்டால் மீட்டர் அதையே காட்டும்.

படி 6: உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது பரிந்துரை, ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. உலகச் சராசரி ஏறக்குறைய 11 கிராம், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். பிரஷர் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டியதென்று நினைக்காதீர்கள், சிறுநீரகமும் இதயமும் பலவீனமானவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

உப்பு டப்பாவை மட்டும் முறைத்துப் பயனில்லை. பாக்கெட் உணவு அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு உப்பில் பெரும்பகுதி ரொட்டி, சாஸ், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ், பதப்படுத்திய இறைச்சி, சீஸ், சூப் பொடி வழியாக வருகிறது. வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குக் கரண்டி வழியாகத்தான். எழுதி வைத்த வாரத்தைத் திருப்பிப் பாருங்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இனிப்பான பிஸ்கட்டிலும் உப்பு உண்டு, நாக்கு கண்டுபிடிக்காது.

லேபிளில் பெரும்பாலும் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போடுவார்கள். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, ஒரு நாள் கணக்கில் பாதியை நெருங்கிவிட்டது. பொருள்களின் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்கும், அதனால் முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே அது என்ன பொருள் என்று புரியும். சர்க்கரைக்கும் நிறையப் புனைபெயர்கள் உண்டு: குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், கார்ன் சிரப். முன்பக்கத்தில் எழுதியிருக்கும் "இயற்கையானது", "தானியங்கள் நிறைந்தது" எல்லாம் விளம்பரம், படிக்க வேண்டியது பின்பக்கம்.

வீட்டுச் சமையலில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு சில வாரத்தில் பழகிக்கொள்ளும். புளிப்பும் காரமும் வறுத்த மசாலா வாசனையும் உப்பின் குறையை மூடும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று வைத்தால் நீடிக்காது, மொத்த வீட்டுக்கும் குறைப்பதுதான் சரி, மற்றவர்களுக்கும் அது நல்லதே.

பொட்டாசியம் கலந்த உப்பு பற்றி மேலே எச்சரித்தேன். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சீனாவின் கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான உப்புக்குப் பதில் நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் நன்றாக இருந்து, பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்தும் எடுக்காதவருக்கு இது நல்ல வழி. மற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

படி 7: எண்ணெயும் கொழுப்பும்

எண்ணெயே ஆகாது என்ற காலம் போய்விட்டது. எந்தக் கொழுப்பு என்பதுதான் கேள்வி. வெண்ணெய், நெய், கொழுப்புள்ள இறைச்சி, பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், அது எல்டிஎல்லைக் கூட்டும். அந்த இடத்தில் சூரியகாந்தி, கடலை, கடுகு, ஆலிவ் போன்ற எண்ணெய்களையும் கொட்டை வகைகளையும் வைத்தால் எல்டிஎல் இறங்கும். அந்த இடத்தில் வெள்ளை மாவையும் சர்க்கரையையும் வைத்தால் ஒரு லாபமும் இல்லை, "கொழுப்பு இல்லாதது" என்று விற்கும் இனிப்புப் பொருள்களின் கதை இதுதான். தேங்காய் எண்ணெய்க்கு அடியார்கள் அதிகம் என்று தெரியும், ஆனால் எல்டிஎல் கூடியவர்கள் தினமும் கரண்டியில் குடிக்க அதில் ஒன்றுமில்லை.

ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வில், இதயநோய் அபாயம் உள்ள ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் சிலருக்கு ஆலிவ் எண்ணெயோடும் சிலருக்குக் கொட்டைகளோடும் மத்தியதரைக்கடல் உணவைக் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. ஆட்களைப் பிரித்ததில் குறைகள் தெரியவந்ததால் முதல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, 2018இல் திருத்தி வெளியிட்டார்கள், முடிவு ஏறக்குறைய அதேதான். கொட்டைகள் நல்லது என்றதும் கிண்ணம் கிண்ணமாக வேண்டாம், ஒரு கைப்பிடி, உப்பு போடாதது.

திரும்பத் திரும்பப் பொரிக்கும் எண்ணெய், வனஸ்பதி, அதில் செய்த பேக்கரிப் பொருள்கள், இவற்றை விட்டுவிடுங்கள். பதப்படுத்திய இறைச்சியும் அப்படித்தான்: நாளுக்கு 50 கிராம் வீதம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் சொன்னது.

படி 8: சிறுநீரகம் பாதித்தவர்கள் இங்கே நின்று படியுங்கள்

மேலே சொன்னவற்றில் பாதி உங்களுக்கு மாறும். காய், பழம், பருப்பு, கொட்டை எல்லாம் பொட்டாசியம் நிறைந்தவை. வடிகட்டும் திறன் நன்றாகக் குறைந்தவருக்கு அதே பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். அதற்காக எல்லாருமே பழத்தை நிறுத்தத் தேவையில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் தடை போடுவார்கள். குறைக்கச் சொன்னால், காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொஞ்சம் போகும். நட்சத்திரப் பழம் மட்டும் அறவே கூடாது, சிறுநீரக நோயாளிகளுக்கு வலிப்பும் நினைவிழப்பும் வந்திருக்கின்றன.

புரதம்: டயாலிசிஸுக்கு வராத, நடுத்தர அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்பு உள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவு. ஜிம்முக்குப் போகும் நண்பர் பரிந்துரைத்த புரதப் பொடி உங்களுக்கு இல்லை. டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டால் கதை திரும்பிவிடும், புரதம் அதிகம் வேண்டும். பழைய தடையையே பிடித்துக்கொண்டிருந்தால் உடல் உருகிப்போகும். இந்த ஒரு நோய்க்கு மட்டுமாவது உணவியல் நிபுணரைப் பாருங்கள், கட்டுரை படித்துச் செய்கிற வேலை இல்லை இது.

படி 9: எடை

எல்லோரும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், நான் பின்னால் வைத்திருக்கிறேன். மேலே சொன்ன மாற்றங்கள் ஒழுங்காக நடந்தால் கொஞ்சம் எடை தானாக இறங்கும்.

கூடுதல் எடையோடு இரண்டாம் வகை நீரிழிவும் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் தெரிந்து 6 ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் எடுக்காதவர்களுக்கு 3 முதல் 5 மாதம் வரை நாளுக்கு 850 கலோரி அளவில் திரவ உணவு மட்டும் கொடுத்து, அப்புறம் மெதுவாக வழக்கமான உணவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்தது. 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. இரண்டாம் ஆண்டில் மொத்தம் 36 சதவீதமாக இறங்கிவிட்டது, எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. நோய் தணிந்ததே தவிர அடியோடு போகவில்லை. இதை மருத்துவக் கண்காணிப்பில்தான் செய்தார்கள், மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள். வீட்டில் தனியாக 850 கலோரியில் இறங்காதீர்கள்.

எடை ஏன் இறங்கவில்லை என்று குழம்புகிறவர்கள் பாக்கெட் உணவைப் பாருங்கள். 2019இல் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தது. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு இருந்த வாரங்களில் நாளுக்கு 500 கலோரி அளவு அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது.

வயதானவர்களுக்கு மட்டும் வேறு விதி: எடை குறைகிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் குறைவது கொழுப்பா தசையா என்று பாருங்கள். படியேறச் சிரமம், நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருக்கிறது என்றால் சாப்பாட்டைக் குறைப்பது நிற்கட்டும், புரதமும் கொஞ்சம் உடற்பயிற்சியும் வேண்டும்.

இடையில் வருகிற அதிசயப் பொருள்கள்

பொடி, விதை, சாறு, மாத்திரை என்று வாரம் ஒன்று வரும். உணவில் நல்லது செய்யும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கினால் அதே நன்மை வரும் என்று நம்ப வேண்டாம். பின்லாந்தில் 29,000 ஆண் புகைபிடிப்பவர்களுக்கு நடத்திய சோதனையில், கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. கேரட் மேல் தப்பில்லை. அதிசயப் பொருளை விற்பவரிடம் கேட்க வேண்டியது, எந்த எண் எத்தனை மாதத்தில் எவ்வளவு குறையும் என்பதுதான். பதில் வராது.

படி 10: மறுபடி அளக்கும் நாள்

நாள்காட்டியில் இன்றே குறித்துவிடுங்கள். ரத்த அழுத்தத்தில் மாற்றம் இரண்டு முதல் நாலு வாரத்தில் தெரியும். எல்டிஎல்லுக்கு ஒன்று முதல் மூன்று மாதம். எச்பிஏ1சிக்கு மூன்று மாதம், அதற்கு முன் எடுத்தால் பழைய கணக்கும் கலந்துதான் இருக்கும். முடிந்தால் அதே ஆய்வகம், அதே மாதிரி வெறும் வயிறு.

எண் இறங்கியிருந்தால் அந்த மாற்றத்தை வைத்துக்கொண்டு அடுத்ததை எடுங்கள். இறங்கவில்லை என்றால் மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள், பெரும்பாலும் விடுமுறை நாள்களும் இரவுத் தீனியும் மாட்டும். நேர்மையாக எழுதியும் ஒன்றும் மாட்டவில்லையா, அப்போது மருந்தை ஆரம்பிப்பதோ கூட்டுவதோ தோல்வி இல்லை, உடம்பின் பங்கு அவ்வளவுதான்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள், "கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வதைவிட அந்தப் பக்கங்கள் அவருக்கு உதவும். மெட்ஃபார்மினைப் பல ஆண்டாக எடுப்பவர்கள், அதுவும் இறைச்சி சாப்பிடாதவர்கள், பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மாத்திரை அதைக் குறைக்கும். நடுவில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவதோ, எழுந்து நின்றதும் தலைசுற்றி பிரஷர் தாழ்ந்து காட்டுவதோ நடந்தால், மருந்து இப்போது உங்களுக்கு அதிகமாகிவிட்டிருக்கலாம். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்து அளவைக் கேளுங்கள்.